ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் இரண்டு நாள்: படகிலிருந்து ட்ரவுட் பிடிப்பது எப்படி

மூவாயிரம் ஏக்கருக்கும் அதிகமாக விரிந்து கிடக்கும் தண்ணீரின் நடுவே ஒரு சிறிய படகில் உட்கார்ந்திருக்கும்போதுதான், மீன் எங்கே இருக்கிறது என்ற கேள்வியின் உண்மையான அளவு புரியும். குளத்தங்கரையில் தக்கை போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்ததும் மோட்டாரை முடுக்கி ஒவ்வொரு வளைகுடாவாக அலைவார்கள். மாலையில் வெறுங்கையோடு திரும்பி, இந்த நீர்த்தேக்கத்தில் மீனே இல்லை என்பார்கள். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் திரும்பினேன். இடத்தைத் தேடுவதற்கு முன்பு ஆழத்தைத் தேட வேண்டும் என்பது அதற்குப் பிறகே எனக்கு விளங்கியது. ஆகவே ஒரு வார இறுதியில் இரண்டு நாள் கிடைக்குமானால், சனிக்கிழமையை மீனைக் கண்டுபிடிக்கவும் ஞாயிற்றுக்கிழமையை மீனைப் பிடிக்கவும் ஒதுக்கிக்கொள்வதே நல்லது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கின்படியே எழுதப்பட்டிருக்கிறது.

ரட்லண்ட் வாட்டர், இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில், ஓக்கம், ஸ்டாம்ஃபர்ட் ஆகிய ஊர்களுக்கு இடையே உள்ளது. குவாஷ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கை எம்ப்பிங்கம் ஊரருகே அணை கட்டி மறித்து 1970களில் இதை உருவாக்கினார்கள். அந்த ஆற்றின் தண்ணீர் மட்டும் போதாது என்பதால் வெல்லண்ட், நென் ஆகிய ஆறுகளிலிருந்தும் இறைத்து நிரப்புகிறார்கள். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. குதிரை லாடம் போன்ற வடிவம்; கிழக்கே அணையை ஒட்டிய அகன்ற பகுதியிலிருந்து வடகை, தென்கை என இரண்டு கைகள் மேற்கு நோக்கி நீள்கின்றன; இரண்டுக்கும் நடுவே ஹாம்பிள்டன் மேடு தீபகற்பமாக நிற்கிறது. அந்த மேட்டின் கீழிருந்த நெதர் ஹாம்பிள்டன் கிராமம் தண்ணீருக்குள் போய்விட்டது. நார்மன்டன் தேவாலயம் மட்டும் பாதி உயரத்துக்குக் கற்கள் நிரப்பப்பட்டு, கரையோரம் தண்ணீருக்குள் நீண்டு நிற்பதை இன்றும் பார்க்கலாம். சுற்றுலா வருபவருக்கு இவை வெறும் காட்சி. தூண்டில்காரருக்கோ மூழ்கிய சாலையும் வேலியும் வாய்க்காலும் மீன் ஒதுங்கும் இடங்கள். நீர்த்தேக்கம் வருவதற்கு முந்தைய வரைபடம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வது, விலை உயர்ந்த தூண்டிற்கோல் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

அணைப் பக்கம் ஆழம் 30 மீட்டரைத் தாண்டும். கைகளின் மேற்கு முனைகள் ஆழமற்றவை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்குமான திட்டம் பாதி முடிந்துவிடும்.

புறப்படுவதற்கு முன்

எந்த மாதம் போவது என்பதே முதல் முடிவு. ஏப்ரலில் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும். மீன்கள் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிகளில் நிற்கும். படகு கட்டாயம் தேவைப்படாத காலம் அது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் ஏறி மேல்நீர் சூடாகிவிட்டால், குளிர்நீரை விரும்பும் மீனான ட்ரவுட் நடுப்பகுதியின் ஆழத்துக்கு இறங்கிவிடும். பகலில் பிடிப்பது புதியவர்களுக்குக் கடினம். செப்டம்பர், அக்டோபரில் பெரிய மீன்கள் குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு படகுத்துறைகள், களைப்படுகைகள் பக்கம் வரும். பெரிய பிரவுன் ட்ரவுட் ஒன்றுக்காகப் பொறுமையோடு காத்திருப்பவர்களுக்கு ஏற்ற பருவம். முதன்முறை போகிறவர் மே மாத நடுப்பகுதியைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பேன். பூச்சிகள் ஏராளமாகப் பொரிக்கும், மீன் பல ஆழங்களில் இரை எடுக்கும், பகலும் நீளம்.

அனுமதி இரண்டு வகைப்படும். ஒன்றை வாங்கினால் மற்றது வந்துவிடாது. இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போடும், 13 வயது நிறைந்த எவருக்கும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் தேவை. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு அது இலவசம். ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம் என மூன்று காலஅளவுகளில் இணையத்தில் கிடைக்கும். இதற்கு மேல், நீர்த்தேக்கத்தின் மீன்பிடி விடுதியில் நாள் அனுமதியும் படகும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வார இறுதிப் படகுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எத்தனை மீன் கொண்டுபோகலாம், எவற்றைத் திரும்ப விட வேண்டும் என்பன அனுமதிச் சீட்டிலேயே இருக்கும். படிக்காமல் பையில் திணித்துவிடாதீர்கள்.

ட்ரவுட்டுக்கு இங்கே புழுவோ மாவு உருண்டையோ கூடாது, ஃபிளை மட்டுமே. ஃபிளை என்பது கொக்கியின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை என்பதால், வீசும்போது தூரம் போவது லைனின் எடையால்தான். பத்தடி நீளமுள்ள ஏழாம் எண் கோல் ஒன்று போதும். ஆனால் லைன் ஒன்று போதாது. மிதக்கும் லைன் ஒன்று, மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் ஒன்று, வினாடிக்கு ஐந்து அங்குலம் மூழ்கும் லைன் ஒன்று என மூன்று வேண்டும். கடைக்காரர் ஏழெட்டு வகை காட்டுவார்; இந்த மூன்றுக்கு மேல் முதல் ஆண்டில் எதுவும் வாங்காதீர்கள்.

லைனின் நுனியில் கட்டும் ஃபுளோரோகார்பன் நரம்பு எட்டு இறாத்தல் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். பழகியவர்கள் 15 முதல் 18 அடி நரம்பில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று ஃபிளை கட்டுவார்கள். நீங்கள் 12 அடியில் இரண்டோடு தொடங்குங்கள்; காற்றில் மூன்று ஃபிளை சிக்கினால் அதைப் பிரிக்கும் நேரத்தில் ஒரு மிதப்பு, அதாவது காற்றில் படகை மிதக்க விட்டு வீசும் ஒரு சுற்று, முழுவதும் வீணாகிவிடும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க மறக்க வேண்டாம்; உலர்ந்து இறுகும் நரம்பு சூடேறிப் பலவீனமாகிவிடும். ஃபிளைப் பெட்டியில் 10, 12 அளவுகளில் கறுப்பு பஸ்ஸர் சில, டயவல் பாக் சில, மிதக்கும் கண்களைக் கொண்ட பூபி சில, ஆரஞ்சு நிற பிளாப் ஒன்றிரண்டு இருந்தால் மே மாதத்துக்குப் போதும். டயவல் பாக் என்பது வேல்ஸ் மொழிப் பெயர். பொருள் சின்னப் பிசாசு. நம் ஊராக இருந்தால் குட்டிச்சாத்தான் என்று பெயர் வைத்திருப்போம். பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்தப் பழுப்பு நிறத் துணுக்கு செய்யும் வேலைக்கு அந்தப் பெயர் பொருத்தமே.

உடையைப் பொறுத்தவரை, கரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீரின் நடுவே மழைச்சட்டையும் கம்பளிச்சட்டையும் வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் அழகுக்காக அல்ல. காற்று திசை மாறினால் கொக்கி முகத்துக்கு நேராக வரும். உயிர்காப்பு உடுப்பைத் துறையிலேயே அணிந்துகொண்டு இறங்கும்வரை கழற்றாதீர்கள். தானாக ஊதிக்கொள்ளும் வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் வாயு உருளை இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். வசந்தகாலத்தில் இந்தத் தண்ணீரில் விழுந்தால், நீச்சல் தெரிந்தவருக்கும் முதல் ஒரு நிமிடம் மூச்சு வசப்படாது.

சனிக்கிழமை: தேடுதல்

காலையில் விடுதியில் முதலில் கேட்க வேண்டியது எங்கே மீன் கிடைத்தது என்பதல்ல. எந்த ஆழத்தில், எந்த லைனில் கிடைத்தது என்று கேளுங்கள். இடத்தின் பெயரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அங்கே பத்துப் படகுகள் ஏற்கெனவே நிற்கும். ஆழத்தைக் கேட்பவரிடம் படகோட்டிகள் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். மாலையில் களைத்துத் திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளும், மோட்டார் கெட்டாலும் வீட்டுப் பக்கமே மிதப்பீர்கள். மோட்டார் ஓட்டுபவர் அதை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். தென்கையின் மேற்கு முனையில், மான்டன் வளைகுடாப் பக்கம், விரால் அடிப்பான் பருந்துகள் கூடு கட்டும். 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து விட்ட பறவைகளின் வழி வந்தவை அவை. 2001 முதல் இங்கேயே இனப்பெருக்கம் செய்கின்றன. அந்தப் பகுதியின் எல்லைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும்; எல்லை மிதவைகளைத் தாண்டாதீர்கள். பருந்து எந்த அனுமதிச் சீட்டும் வாங்காமல் உங்கள் படகுக்கு நாற்பது அடி தள்ளி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போகும்போது எரிச்சல் வரத்தான் செய்யும்.

நங்கூரம் போடுவதைவிட மிதந்துகொண்டே வீசுவதுதான் தேடும் நாளுக்கு ஏற்ற முறை. படகைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி மோட்டாரை அணைத்துவிட்டு, இருவரும் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகு போகும் திசையில் முன்னால் வீச வேண்டும். திறந்த நீரில் இரை எடுக்கும் ட்ரவுட் பெரும்பாலும் காற்றை எதிர்த்து நீந்தும். அதாவது நீங்கள் மீனை நோக்கி மிதக்கிறீர்கள், மீன் உங்களை நோக்கி வருகிறது. இருவரில் ஒருவர் இடக்கைக்காரர் என்றால் அவர் இடப்பக்கம் உட்காரட்டும். கோல்கள் இரண்டும் படகுக்கு வெளிப்பக்கம் போய்விடும். இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் இருப்பவரின் கொக்கி நண்பரின் தலைக்கு மேலாகப் போகும் என்பதால் ஒருவர் வீசி முடித்த பிறகே மற்றவர் வீச வேண்டும். நிற்க வேண்டாம். நின்று வீசினால் பத்தடி கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் உயரத்தில் ஆடும் உருவத்தை மீனும் பார்க்கும், படகும் கவிழக்கூடும்.

காற்று சற்றுப் பலமாக இருந்தால் படகு ஃபிளையைவிட வேகமாக ஓடிவிடும். அப்போது டிரோக் என்ற துணிக்குடையைத் தண்ணீரில் இறக்க வேண்டும். பாராசூட்டைப் போல விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகின் வேகத்தைக் குறைக்கும். அதன் கயிற்றைக் காற்று வரும் பக்கத்து விளிம்பின் நடுவே இறுக்கியில் கட்டினால் படகு குறுக்காகவே நிற்கும். சற்று முன்னே பின்னே தள்ளிக் கட்டினால் படகு அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடும். மோட்டாரை முடுக்குவதற்கு முன் இதை மேலே இழுத்துவிட வேண்டும். ஒருமுறை பேச்சுச் சுவாரசியத்தில் நான் மறந்துவிட்டேன். கயிறு சுழலியில் சுற்றிக்கொண்டது. படகு அப்படியே நார்மன்டன் பக்கத்துக் கற்கரையை நோக்கிப் போயிற்று. நண்பர் துடுப்பை ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்க, நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பனிபோல் குளிர்ந்த நீருக்குள் கையை விட்டு ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். முக்கால் மணி நேரம். அன்றிலிருந்து டிரோக் தண்ணீரில் இருக்கும் வரை மோட்டாரின் கைப்பிடி மீது என் தொப்பியை மாட்டிவைக்கிறேன்.

ஒரு மிதப்பு முடிந்ததும் வந்த தடத்திலேயே மோட்டாரில் திரும்பாதீர்கள். அந்தத் தடத்தில்தான் மீன் இருந்தது. அகலமாகச் சுற்றிப் போய் மறுபடி காற்று வரும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். பிறர் மிதந்துகொண்டிருந்தால் அவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாமல் பின்னால் போக வேண்டும்.

ஆழத்தை எண்ணுதல்

இனி முதன்மையான பகுதிக்கு வருகிறேன். இருவரும் ஒரே லைனைப் போடக் கூடாது. ஒருவர் மிதக்கும் லைன், மற்றவர் மூழ்கும் லைன். வினாடிக்கு ஐந்து அங்குலம் மூழ்கும் லைனை வீசிவிட்டு ஐந்து வரை எண்ணி இழுத்தால் ஃபிளை இரண்டடி ஆழத்தில் வரும். பத்து எண்ணினால் நான்கடி. இருபது எண்ணினால் எட்டடிக்கு மேல். ஒவ்வொரு வீச்சிலும் எண்ணிக்கையை மாற்றுங்கள், எண்ணியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மீன் கடித்த நொடியில் நண்பர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை எண்ணினாய் என்பதாகவே இருக்க வேண்டும். எங்கள் படகில் சிலசமயம் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் வகுப்பறைச் சத்தம் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம்தான் மீன் தருகிறது.

மிதக்கும் லைன் போட்டவருக்கு வேறு வேலை. நரம்பின் நுனியில் மிதக்கும் பூபியையும் நடுவில் டயவல் பாக்கையும் கட்டினால், ஒருபுறம் லைன், மறுபுறம் பூபி தாங்கி நிற்க, நடுவிலிருப்பது கொடியில் காயும் துணியைப் போலத் தொங்கும். இதற்கு இங்கே துணிக்கொடி முறை என்றே பெயர். இழுப்பது மிக மெதுவாக இருக்க வேண்டும். விரல்களில் லைனை எட்டு வடிவில் சுற்றிச் சேர்ப்பது போதும். கடி பலமாக வராது. தொய்வாகக் கிடக்கும் லைன் சற்று நேராகும், அவ்வளவே. உடனே கோலை உயர்த்துங்கள்.

எந்த லைனானாலும் முழுவதும் இழுத்து முடிக்கும் இடத்தில் ஃபிளையைப் படகருகே ஆறேழு வினாடி அசைவில்லாமல் தொங்கவிட்டுப் பிறகு எடுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அங்கேதான் முடிவெடுக்கும். அவசரமாக வெளியே எடுத்துவிட்டுக் கீழே ஒரு வெள்ளி மின்னல் திரும்பிப் போவதைப் பார்ப்பதுபோல வேதனை இதில் வேறில்லை.

முதல் மீன் மாட்டியதும் கோலை உயர்த்திப் பிடித்து ஓட விடுங்கள். ரெயின்போ ட்ரவுட் ஓடும், துள்ளும், கடைசியில் படகுக்கு அடியில் பாயும்; அந்தக் கடைசிப் பாய்ச்சலில்தான் நரம்புகள் அறுகின்றன. கோல் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கிப் படகைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மீனை நோக்கி வலையை வீசக் கூடாது. வலையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து அதன்மேல் மீனை இழுத்து வந்து தூக்க வேண்டும். கொண்டுபோகப் போகும் மீன் என்றால் குறுந்தடியால் தலையில் உடனே ஓங்கி ஒரு தட்டு. துடிக்க விட்டுப் பார்த்திருக்காதீர்கள். திரும்ப விடுவதென்றால் நனைந்த கையால் மட்டுமே தொடுங்கள்.

கொண்டுபோகும் முதல் மீனின் வயிற்றில் இருப்பதை அங்கேயே பார்த்துவிடுவது அவசியம். இதற்கென்று நீண்டு குறுகிய கரண்டி விற்கிறார்கள். இறந்த மீனின் தொண்டை வழியாக உள்ளே விட்டுத் திருப்பி எடுத்து, சாப்பாட்டு டப்பாவின் வெள்ளை மூடியில் சிறிது தண்ணீர் விட்டு அதில் கரைத்துப் பாருங்கள். சென்ற மே மாதம் அப்படிக் கரைத்தபோது முதலில் கறுப்பு மையைப் போலக் கலங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து, அரிசியைவிடச் சற்று நீளமான, வளைந்த கூட்டுப்புழுக்கள், தோளருகே செம்மஞ்சள் புள்ளியோடு, முப்பதுக்கு மேல் இருந்தன. இரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. கடிக்காத கொசு இனத்தைச் சேர்ந்த இவற்றைத்தான் பஸ்ஸர் என்கிறார்கள். இவை அடிச்சேற்றிலிருந்து மேற்பரப்புக்கு மெல்ல ஏறும். மீனும் கூடவே ஏறும். ஆகையால் காலையில் பதினைந்தடியில் கிடைத்த மீன் மாலையில் இரண்டடியில் கிடைக்கலாம். மூடியில் பச்சைக் கூழ் மட்டுமே தெரிந்தால் அது டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்த்தெள்ளு. அவை வெளிச்சம் கூடக் கூட ஆழத்துக்கு இறங்கும், மேகம் மூடினால் ஏறும். அந்த அளவுக்குச் சிறிய உயிரியை ஃபிளையாகக் கட்ட முடியாது. அப்போது ஆரஞ்சு பிளாபை அதே ஆழத்தில் வேகமாக இழுத்து மீனைச் சீண்டுவதுதான் வழி.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட்டைப் பார்த்தவர்களுக்கு இது வேறு மீனாகத் தோன்றும். இனம் அதேதான், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சொந்த ஊராகக் கொண்ட அது இங்கிலாந்துக்கும் நீலகிரிக்கும் ஒரே மாதிரி வந்தேறியது. பெரிய நீர்த்தேக்கத்தின் தீனி அதைப் பருமனாக்கிவிடுகிறது.

மீன் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளக் கைப்பேசியை நம்பாமல், கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்வைத்து நம் கரையோர மீனவர்கள் கடலில் இடம் குறிப்பது போலச் செய்யுங்கள். தெற்கே நார்மன்டன் தேவாலயம், வடக்கே குன்றின் மேல் பர்லி மாளிகை. இவ்விரண்டுக்கும் நேரே என்னென்ன மரங்கள் தெரிகின்றன என்று பார்த்து இரவில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை, லைன், நேரம், வெளிச்சம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: பிடித்தல்

காற்று அப்படியே இருந்தால் நேராக நேற்று குறித்துவைத்த இடத்துக்குப் போய், நீண்ட மிதப்பை விட்டுவிட்டு, மீன் கிடைத்த இருநூறு கெஜத்தை மட்டும் திரும்பத் திரும்ப மிதந்து வாருங்கள். இருவரும் இப்போது ஒரே லைன், ஒரே எண்ணிக்கை. காற்று இரவில் திசை மாறியிருந்தால் நேற்றைய இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நேற்று மீன் நின்ற ஆழத்தையும், அலை கரையில் மோதிய விதத்தையும் வைத்து, இன்றைய காற்றில் அதே நிலை எந்தக் கரையில் அமையும் என்று வரைபடத்தில் தேடுங்கள். காற்று வீசும் நாளில் நீர்ப்பரப்பில் எண்ணெய் பூசியது போன்ற வழவழப்பான நீண்ட கோடுகள் தெரியும். இறந்த பூச்சிகள் அங்கே ஒதுங்கும். அந்தக் கோட்டின் ஓரமாக மிதப்பது பெரும்பாலும் பலன் தரும். காற்றே இல்லாமல் கண்ணாடியாகக் கிடந்தால் நங்கூரம் போட்டு மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். இடிமுழக்கம் கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும்.

மீனைப் பிடித்ததிலிருந்து வீடு வரை குளிர்ப்பையில் பனிக்கட்டியோடு வையுங்கள். நெகிழிப் பையில் வெயிலில் கிடந்த ட்ரவுட் இரண்டு மணி நேரத்தில் குழைந்துவிடும். செதில் மிகச் சிறியது, உரசத் தேவையில்லை. முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டை மட்டும் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள்.  புளிக்குழம்புக்கு இந்த மீனின் உறுதி போதாது என்பது என் வீட்டுத் தீர்ப்பு. மஞ்சள், மிளகு, உப்பு தடவி, தோல் கீழாகத் தோசைக்கல்லில் போட்டு எடுப்பதே பொருத்தம்.

அன்றிரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதியிருக்கிறது. அருகிலுள்ள கிராஃபம் நீர்த்தேக்கத்தில் 2010இல் கொலைகார இறால் என்ற வெளிநாட்டு உயிரி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஒரு தண்ணீரிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் எவரும் சாதனங்களைச் சோதித்து, கழுவி, உலர்த்தவேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். ஈரமான வலையின் மடிப்பில் அது பல நாள் உயிரோடு இருக்கும். வலை, நங்கூரக் கயிறு, டிரோக், காலணியின் அடிப்பகுதி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசித் தோட்டத்துக் கொடியில் விரித்துப் போடுங்கள். லைனை ரீலிலிருந்து உருவி ஈரத்துணியால் துடைத்துச் சுற்றுங்கள். ஃபிளைப் பெட்டியை மூடாமல் சன்னலோரம் வைத்தால் கொக்கிகள் துருப்பிடிக்காது.